தலைவலிக்கு முன் கண்ணில் மின்னும் கோடு

கேள்வி: எனக்கு வயது 31, மகளுக்கு இரண்டு வயது. பார்மசியில் கேட்டு வாங்கிய கர்ப்பத்தடை மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். குமட்டல், மார்பகத்தில் வலி, இடையிடையே லேசாக இரத்தம் படுகிறது. மாமியார் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார். தலைவலியும் வருகிறது, அதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து மினுமினுக்கும் கோடு தெரிந்து அரை மணியில் போய்விடும். வேறு பிராண்டுக்கு மாறலாமா? (ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கோடு விஷயம்தான் என்னைப் பதற வைத்தது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சின்ன எழுத்தில் எத்தினைல்எஸ்ட்ரடியோல் என்று இருந்தால் அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை. இப்படிக் கண்ணில் வெளிச்சம் காட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது, ஏனென்றால் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். பிராண்டை மாற்றினாலும் உள்ளே அதே ஈஸ்ட்ரோஜன் இருந்தால் பயனில்லை. அதனால் இன்று இரவு மாத்திரை வேண்டாம், நாளைக் காலையிலேயே கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கிற்கோ, எல்பிபிகேஎன் என்ற அரசு குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்கிற்கோ போங்கள். அதுவரை ஆணுறை. கடந்த ஒரு வாரத்தில் உறவு இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பாதியில் நிறுத்துவதால் கரு தங்க வாய்ப்பு உண்டு.

குமட்டல், மார்பக வலி, திட்டுத்திட்டாக இரத்தம் படுவது எல்லாம் முதல் இரண்டு மூன்று மாதத்தில் சகஜம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். மாமியார் சொல்வது சரியில்லை, மாத்திரையால் கர்ப்பப்பை கெடாது, நிறுத்தினால் மறுபடி கருத்தரிக்கலாம்.

இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் பயமும் மாத்திரைக்கு மாத்திரை வேறு. மாத்திரையே சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 பேருக்கு வரும், ஈஸ்ட்ரோஜனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு ஹார்மோன் கலந்த வகையில் 5 முதல் 7 பேர், முகப்பருவுக்கு நல்லது என்று பலர் விரும்பி வாங்கும் ட்ரோஸ்பிரெனோன் வகையில் 9 முதல் 12 பேர். 35 வயதைத் தாண்டிய, புகை பிடிக்கிற பெண்களுக்கும், இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையே கூடாது. பார்மசியில் உங்களுக்கு பிரஷர் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு டாக்டர் அநேகமாக மினி பில் பற்றிப் பேசுவார். இதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் என்ற மினி பில் வகை என்றால் இடைவெளியே விடாமல் தினமும் சாப்பிட வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் பாதுகாப்பு குறையும். பழைய மினி பில் வகைக்கு வெறும் 3 மணி நேரம்தான் அவகாசம். இதில் பெண்களைச் சலிக்க வைப்பது மாதவிடாய் ஒழுங்கு கெடுவது. சிலருக்குப் பழுப்பாக நாள் கணக்கில் படும், சிலருக்கு அறவே நின்றுவிடும், பருவும் வரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயந்து பாதியில் விட மாட்டீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு பக்கம் கை மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்து மூச்சு முட்டினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே 999. கிளினிக்கிற்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்தக் கோடு எந்தெந்த நாள் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.