வென்டிலேட்டர் வைத்ததும் பிரஷர் ஏன் இறங்கியது?

கேள்வி: நிமோனியாவில் மூச்சு வாங்கிய அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைத்தார்கள். 110 இருந்த பிரஷர் சில நிமிடங்களில் 80க்கு இறங்கி, பிரஷரை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் ஏற்ற வேண்டியதாயிற்று. மெஷின் இதயத்தைக் கெடுத்துவிட்டதா?

பதில்: பிரஷர் இறங்கியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஐசியுவில் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான் இது.

நாமாக மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. அப்போது காற்றோடு, வயிற்றிலும் கால்களிலும் இருக்கும் ரத்தமும் இதயத்துக்கு இழுபடும். வென்டிலேட்டர் காற்றை இழுப்பதில்லை, தள்ளுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏற, திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. வராத ரத்தத்தை இதயம் எங்கிருந்து அனுப்பும்?

வென்டிலேட்டர் குழாய் போடும்போது கொடுக்கும் மயக்க மருந்துக்கும் இதில் பங்குண்டு. மூச்சுக்குத் திணறியபோது உடம்பு அட்ரினலினைக் கொட்டிப் பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். மருந்து போட்டதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். உடம்பில் நீர் வற்றியவர்களுக்கும் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) உள்ளவர்களுக்கும் இறக்கம் இன்னும் அதிகம்.

மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டிருந்தால் மானிட்டரில் பிரஷர் அலையைப் பாருங்கள். மெஷின் தள்ளும் ஒவ்வொரு மூச்சுக்கும் அலை பெரிதாகிச் சிறுத்துக்கொண்டிருக்கும். அந்த வித்தியாசம் அதிகமாக இருந்தால் சலைன் பலன் தரலாம் என்று நினைப்போம். எனக்குப் பிடித்த சோதனை அதைவிட எளிது: கால்களை 45 டிகிரி தூக்கிப் பிடித்து, இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடுகிறதா என்று பார்ப்பது. பலன் இல்லையென்றால் காலை இறக்கிவிடலாம். ஏற்றிய சலைனை அப்படித் திரும்ப எடுக்க முடியாதே!

சரி, மெஷினைக் கழற்றிவிடலாமா? கூடாது. ஷாக்கில் (உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலையில்) இருப்பவர் மூச்சுக்குப் போராடினால், இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட மூச்சுத் தசைகளே எடுத்துக்கொள்ளும். மெஷின் அந்த வேலையை வாங்கிக்கொண்டால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் மிஞ்சும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்த்தவருக்கோ இதே அழுத்தம் மருந்து மாதிரி. இதயத்தின் இடது பக்கச் சுமையைக் குறைக்கும். அதனால்தான் சிலருக்கு மெஷினை எடுக்கும் நாளில் மறுபடி மூச்சு முட்டுகிறது.

நன்றாக இருந்தவருக்குப் பிறகு திடீரென்று பிரஷர் விழுந்தால் கதை வேறு. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா, ஆஸ்துமாக்காரர் என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

நாளைக்கு டாக்டரைப் பார்க்கும்போது இரண்டைக் கேளுங்கள்: நார்அட்ரினலின் அளவு நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது?