கூட வந்தது யார்?

அன்புள்ள அக்கா,

வயது 39. தில்லி முனிர்காவில் தனியாகக் குடியிருக்கிறேன். "அகேலி?" (தனியாகவா?) என்று வீட்டுக்காரர் இன்னும் இழுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளுக்குச் சமைக்கச் சலிப்பு. போன மாதம் பித்தப்பைக் கல் ஆபரேஷன். கையெழுத்துப் போட ஆளில்லாமல் தள்ளிவைத்தேன். அம்மா சொல்வதுபோல் யாரையாவது கட்டிக்கொள்வதுதான் வழியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டுக்காரரை விடுங்கள், ஒன்றாம் தேதி வாடகை விழுந்தால் இழுப்பது நிற்கும். மத்தியானம் வடித்த சோற்றில் ராத்திரிக்குத் தயிரை ஊற்றுங்கள். ஆனால் ஒரு கையெழுத்துக்காக ஆபரேஷனைத் தள்ளிவைத்தேன் என்கிறீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அம்மா ஜாதகம் பொருத்திமுடிக்கும்வரை கல் சும்மா இருக்குமா?

சில வருஷம் முன்பு எனக்குக் கர்ப்பப்பைக் கட்டி. ஆஸ்பத்திரியில் ஃபாரத்தை நீட்டிய பையன், "சாத் மே கௌன் ஹை?" என்றான், கூட வந்தது யார் என்று. நான்தான் வந்திருக்கிறேனே என்றேன். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். என்னிடம் வருமான வரி வாங்கும்போது யாரும் கூட ஆள் கேட்டதில்லை! கடைசியில் மாடிவீட்டுப் பாலக்காட்டு மாமி வந்தார், ஸ்வெட்டருக்கு மேல் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையில் கஞ்சி ஃபிளாஸ்க். 'உறவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து, "இட்லி மாவுன்னு எழுதட்டுமா?" என்றார். பிறகு 'அக்கா' என்று எழுதினார்.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 1995இல் இதே தில்லியில், மணமாகாத 44 வயதுப் பெண்ணைப் பரிசோதனைக்கென்று மயக்கத்தில் ஆழ்த்தி, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிராபத்து இல்லாதபோது அவள் கண்விழிக்கும்வரை காத்திருந்து அவளிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (இழப்பீடு என்னவோ 25,000 ரூபாய்தான்.) பெற்றவள் கையெழுத்தே செல்லாதபோது, தாலி கட்டப்போகிறவன் கையெழுத்துக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

நினைவோடு இருக்கும் உங்கள் சம்மதம் போதும். பில்லுக்கும் மருந்துக்கும் ஓட அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தோழி போதும், கூலிக்கு வரும் ஆள் போதும். மாலை மாற்ற வேண்டியதில்லை.

கல்யாணம் உங்கள் பாடு, அம்மா பாடு. இந்த வாரமே தேதி வாங்கி எனக்கு எழுதுங்கள். செவ்வாய் தவிர என்றைக்கும் வருவேன். கஞ்சி மட்டும் மாமி வைத்ததுபோல் இருக்காது.