'ப்ராம்' நடனமும் லண்டன் 'ப்ராம்ஸ்' கச்சேரியும்

வணக்கம். அமெரிக்காவில் படிக்கும் உங்கள் அக்கா மகள் போகும் 'ப்ராம்' நடனமும் லண்டன் 'ப்ராம்ஸ்' கச்சேரியும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். சொல் ஒன்றுதான், நிகழ்ச்சிகள் வேறு. இரண்டும் 'ப்ராமனாட்' என்பதன் சுருக்கம். பிரெஞ்சில் உலாவுதல் என்று பொருள். அந்தக் கால நடன விருந்துகளில் விருந்தினர்கள் ஜோடி ஜோடியாக அணிவகுத்து உலா வருவார்கள். அழகான வழக்கம்! அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரி நடனங்களுக்கு வந்தது, அப்புறம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. லண்டனில் 1895இல் தொடங்கிய கச்சேரித் தொடருக்கு அந்தப் பெயர் வரக் காரணம், குறைந்த கட்டணத்தில் நின்றும் உலாவியும் கேட்கலாம் என்பதே. குழந்தையைத் தள்ளும் 'ப்ராம்' வண்டி 'பெராம்புலேட்டர்' என்பதன் சுருக்கம். குழப்பம் வராமலிருக்க, 'ப்ராம் நடனம்' என்றே எழுதுங்கள்.