புட்டுக்கு எத்தினை பொயின்ற்?

கேள்வி: அக்கா, வெயிட் வாச்சர்ஸ் பொயின்ற்ஸ் முறை (ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் புள்ளி போட்டு, எழுதிக் கணக்கு வைச்சு உடம்பைக் குறைக்கிற முறை) தொடங்கி ரெண்டு கிழமை, புட்டு, சொதிக்கெல்லாம் எப்பிடிக் கணக்கு எழுதுறது? பாதியில விட்டுடுறன்.
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, விட்டா அடுத்த நேரச் சாப்பாட்டில இருந்து தொடருங்கோ, அது பிழையில்லை. உங்கட வீட்டு அகப்பையால ஒரு அகப்பை புட்டு எத்தினை கிராம் எண்டு ஒருக்கா தராசில வைச்சுப் பாத்தா பிறகு ஒவ்வொரு நாளும் நிறுக்கத் தேவையில்லை. சொதியை முழுச் சட்டிக்கும் கணக்குப் போட்டு ஆக்களின்ர பங்கால பிரியுங்கோ. நிறைவுற்ற கொழுப்பும் சீனியும் பொயின்ற்றை ஏத்தும், புரதம் குறைக்கும், ஆனபடியா தேங்காய்ப்பூ, முதல்பால் ரெண்டையும் கட்டாயம் எழுதுங்கோ, கன பேர் அதைத்தான் மறக்கிறவை, 1 கிராம் கொழுப்பில 9 கலோரி, மாச்சத்தில 4தான். சாப்பிட முன்னமே எழுதுங்கோ, ராவைக்கு யோசிச்சு எழுதினா பின்னேரத் தேத்தண்ணியோட சாப்பிட்ட வடை விடுபட்டுப் போயிடும்.