குவாமே குவே-ஆர்மா: நடிகரா, நாடகாசிரியரா? – கேள்வி பதில்

கேள்வி: இவரை பி.பி.சி.யின் ‘கேஷுவல்டி’ மருத்துவமனைத் தொடரில் பார்த்த ஞாபகம். சீரியலில் பேர் வாங்கிய பிறகுதான் எழுத வந்தாரா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1999-ல் ஆம்புலன்ஸ் ஊழியர் ஃபின்லே நியூட்டனாக அந்தத் தொடருக்குள் வந்தார். 2004 வரை நடித்தார். ஆனால் நாடகம் எழுதுவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தொடரின் படப்பிடிப்பு நடந்த பிரிஸ்டலிலேயே ஓல்ட் விக் அரங்குக்காகவும் எழுதினார். சீரியல் தந்தது முகம் தெரிந்த புகழ், அவ்வளவுதான்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பெயராக இருக்கிறதே, இயற்பெயரா?

பதில்: இல்லை. 1967-ல் லண்டனில் பிறந்தபோது இயன் ராபர்ட்ஸ். பெற்றோர் கரீபியன் தீவான கிரனடாக்காரர்கள். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கதையைச் சொல்லும் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் சிறுவயதில் மனதில் ஆழமாகப் பதிந்தது. பிற்பாடு தன் மூதாதையரைக் கானா வரை தேடிப்போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டார்.

கேள்வி: ‘எல்மினாஸ் கிச்சன்’ நாடகத்தை இவ்வளவு கொண்டாட என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது! லண்டன் ஹாக்னியில் ஒரு சின்ன மேற்கிந்தியச் சாப்பாட்டுக்கடை. நடத்துபவர் டெலி, பழைய குத்துச்சண்டைக்காரர். நேர்மையாகப் பிழைக்கப் பார்க்கிறார். மகன் ஆஷ்லிக்கோ கடைக்கு வந்துபோகும் ரவுடி டிக்கர்தான் ஹீரோ. இந்த டிக்கர் பேசுவதைக் கவனியுங்கள்: கிரனடா வாடை, ஜமைக்கா முரட்டுத்தனம், லண்டன் தெருப்பேச்சு என்று ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி தாவுவான். எந்தப் பேச்சு எப்போது எடுபடும் என்று அறிந்த நடிகரின் காது அது. என் கணக்கில் நாடகத்தின் பலமே அதுதான், கதைமுடிச்சு இரண்டாம்பட்சம். 2003-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியது. நம்பிக்கைக்குரிய நாடகாசிரியருக்கான ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ விருதும் அந்த ஆண்டே கிடைத்தது.

கேள்வி: அதில் அவரே நடித்தாரா?

பதில்: முதல் மேடையேற்றத்தில் இல்லை. 2005-ல் லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டின் கேரிக் அரங்குக்குப் போனபோது டெலியாக நடித்தார்.

கேள்வி: அதற்குப் பிறகு?

பதில்: ‘ஃபிக்ஸ் அப்’, ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ரிக்ரெட்’ இரண்டும் நேஷனலில் வந்தன. 2011-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் சென்டர் ஸ்டேஜ் அரங்கின் கலை இயக்குநரானார். 2018 முதல் 2024 வரை லண்டன் யங் விக் அரங்கில் அதே பதவி.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: நான் ‘லெட் தேர் பி லவ்’ என்பேன். 2008-ல் வந்தது. கரீபியனிலிருந்து குடியேறிய சிடுசிடு கிழவர் ஆல்ஃபிரட். அவரைப் பார்த்துக்கொள்ள வருகிறாள் ஒரு போலந்துப் பெண். முன்பு வந்தவர் புதிதாக வந்தவளை எரிச்சலோடு பார்க்கிற வேடிக்கை முதல் காட்சிகளிலேயே பிடித்துவிடும்.