ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? ஃபார்மேட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிறேன் சார். படங்கள் எல்லாம் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, வேறு காப்பி இல்லை. நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று டெஸ்க்டாப்பில் செருகினால் லைட் எரிகிறது, ஆனால் திஸ் பிசியில் டிரைவ் வரவே இல்லை. தெரிந்த கடைக்காரர் "ஃபார்மேட் பண்ணினால் சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா? (வாசகர், கும்பகோணம்)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஃபார்மேட் செய்தால் டிஸ்க் திரும்ப வேலை செய்யலாம், உங்கள் படங்கள் போய்விடும். டிஸ்க்கை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கல்யாணத்தை யாரும் மறுபடி நடத்தப்போவதில்லை. அதனால் இப்போதைக்கு ஒரே கேள்விதான்: தகவல் எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது?

லைட் எரிகிறது என்றால் கொஞ்சமாவது மின்சாரம் போகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. டிஸ்க்கின் மேல் லேசாக விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே தட்டு சுற்றும் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வே இல்லை, அல்லது சுற்ற ஆரம்பித்து நின்று மறுபடி ஆரம்பிக்கிறது என்றால், பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்கும் முதல் சில நொடிகளில் இதைவிடக் கூடுதலாகவே கேட்கும். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்கள் கேபினட்டுக்குள் ஒரு மெல்லிய வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன, வழியில் கொஞ்சம் இழப்பு உண்டு. பின்பக்க போர்ட்கள் நேராக மதர்போர்டிலேயே இருக்கின்றன. எனவே பின்பக்கத்தில், ஹப் எதுவும் இல்லாமல், நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

அடுத்தது கேபிள். உங்களுடையதும் இரண்டு பகுதியாகப் பிரிந்த அகலமான தலை உள்ள கேபிளாக இருந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான் வர வேண்டும், பையில் போட்டு இழுத்து மடக்கி அந்தத் தலை சீக்கிரம் தளர்ந்துவிடும். புது கேபிள் கிடைக்கும் வரை ஒரு வழி இருக்கிறது: டிஸ்க்கில் உள்ள சாக்கெட்டின் பெரிய பகுதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யுஎஸ்பி கேபிள் சரியாகப் பொருந்தும். வேகம் 2.0 அளவுக்குக் குறையும், காப்பி எடுக்க அது போதும். ஆனால் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களும் இருக்கின்றன, அவற்றில் தகவல் போக வயரே இருக்காது, போனிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிப் பார்த்த கேபிளாக எடுங்கள்.

இதற்குப் பிறகும் வரவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். பல பேர் திஸ் பிசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், உண்மை நிலவரம் இங்கேதான் தெரியும். உங்கள் டிஸ்க் சரியான அளவோடு, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்றும் ஹெல்தி என்றும் காட்டி, டி, இ போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் பெருமூச்சு விடலாம். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, வேறு எதுவும் எடுத்துக்கொள்ளாத ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ரா (அடுக்கிய முறை புரியவில்லை) என்று காட்டினாலோ, அன்அலோகேட்டட் (ஒதுக்கப்படாத இடம்) என்று காட்டினாலோ, இனிஷியலைஸ் செய்யட்டுமா, ஃபார்மேட் செய்யட்டுமா என்று பெட்டி வந்தாலோ, கேன்சலை அழுத்தி வெளியே வாருங்கள். இந்த நிலையில் பெரும்பாலும் படங்கள் அங்கேயேதான் இருக்கும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கப் பக்கம்தான் கிழிந்திருக்கும். க்விக் ஃபார்மேட் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதுகிறது, அதன் பிறகும் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. ஆனால் க்விக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போட்டால், விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது, அதற்கப்புறம் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, இந்த வேலைக்கு நல்லவை. மீட்கும் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும், அதே டிஸ்க்கில் எழுதினால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடுவீர்கள். விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற பரிசோதனைக் கருவியையும் இப்போது ஓட்டாதீர்கள், அது டிஸ்க்கின் ஒழுங்கைச் சரிசெய்யப் பார்க்கும், உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. உங்களிடம் வேறு காப்பி இல்லாததால் என் கருத்து இதுதான்: கேபிளும் போர்ட்டும் மாற்றி, எழுத்தும் கொடுத்துப் பார்த்துப் பலிக்கவில்லை என்றால், நீங்களே முயன்று பார்க்காமல் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். செலவு ஆகும். முதலில் பரிசோதித்துத் தொகை சொல்லச் சொல்லுங்கள், மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.

என் லேப்டாப்பில் மவுஸ் வேலை செய்கிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் எந்த போர்ட்டிலும் வரவில்லை. அதே டிஸ்க் தம்பியின் லேப்டாப்பில் ஜோராக ஓடுகிறது. போர்ட் போய்விட்டதா? (ஆசிரியை, திருநெல்வேலி)

போர்ட் போயிருக்க வாய்ப்பு குறைவும்மா. டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்று தம்பியின் லேப்டாப் சொல்லிவிட்டது, ஆனாலும் அதில் செருகியபோதே முக்கியமானவற்றை ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் லேப்டாப்பில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் செய்வதும் இதுவும் ஒன்றில்லை: விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்த பிறகு, ஷட் டவுன் செய்தாலும் உள் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே மறுபடி எழுப்புகிறது, கோளாறும் கூடவே எழுந்து வருகிறது. ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும்.

அது போதவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்க்கைச் செருகிய நிலையில், மஞ்சள் முக்கோணம் போட்ட வரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகுங்கள். இதனால் டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள்தான் நீங்கும், கோப்புகள் நீங்காது, பயம் வேண்டாம். பழைய லேப்டாப் என்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரையும் போட்டுவிடுங்கள். டிஸ்க் வருவதும் போவதுமாக இருந்தால், பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திப் பாருங்கள், பேட்டரியை மிச்சப்படுத்த அது சும்மா இருக்கும் போர்ட்டைத் தூங்க வைக்கிறது.

மகளின் மேக்கில் பயன்படுத்திய டிஸ்க்கை என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மேக்கின் ஏபிஎஃப்எஸ் முறையில் எழுதியதை விண்டோஸால் படிக்க முடியாது, படிக்க முடியாததைக் காலி என்று நினைத்துக்கொண்டு அப்படிக் கேட்கிறது. மேக்கிலேயே செருகிக் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கேயே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொண்டால் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். இங்கே ஃபார்மேட் சரி, ஏனென்றால் முதலில் காப்பி எடுத்துவிட்டீர்கள்.

டிஸ்க் கீழே விழுந்ததிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறார்கள், திறந்து பார்த்தால் தெரியும் என்றும் சொல்கிறார்கள். (வாசகர், திருப்பூர்)

இரண்டையும் செய்யாதீர்கள். உள்ளே தட்டுக்கு மேல் மயிரிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், தகவலைப் படித்து எழுதும் ஹெட் மிதந்து போகிறது. அது அடிபட்டதால்தான் பெரும்பாலும் அந்தச் சத்தம், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டைக் கீறலாம். திறந்தால் தூசி போகும், ஃப்ரீசரில் வைத்தால் எடுத்த பிறகு ஈரம் படியும். உடனே கழற்றி வையுங்கள், இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதிக்கவும் வேண்டாம். தூசி இல்லாத தனி அறை வைத்திருக்கும் ரெக்கவரி நிலையத்தில்தான் இதைத் திறக்க வேண்டும்.

வெளிக் கூட்டை மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால், சத்தம் வராத, சுற்றுகிற டிஸ்க்குக்கு அது பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. அதுவும் சில மாடல்களில் யுஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், கழற்றி வேறு கூட்டில் போடவே வழி இருக்காது.

ஒவ்வொரு முறையும் சேஃப்லி ரிமூவ் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து க்விக் ரிமூவல் (எழுத வேண்டியதைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதும் ஏற்பாடு) இயல்பாகவே ஆனில் இருப்பதால், கொடுக்க மறந்தாலும் முன்பு போல ஆபத்து இல்லை. ஆனால் பின்னணியில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கேபிளைக் கழற்றிய பிறகும் தட்டு நிற்கச் சில நொடிகள் ஆகும், அதுவரை டிஸ்க் மேஜையிலேயே இருக்கட்டும்.