தேவதாசி, கணிகை, பரத்தை எல்லாம் ஒன்றுதானா?

"மாதவியும் கோயில் தேவதாசியும் சங்கப் பாட்டில் வரும் பரத்தையும் ஒரே தொழில்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எல்லாரையும் ஒரே வசைச்சொல்லுக்குள் அடைத்தது நாம்தான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்துக்கு வரிசை பிசகினால் அந்தச் சொல் வந்து விழும். அதன் பழைய வடிவம் தேவரடியார். ஆர் விகுதியோடு, மரியாதையாக. எங்கள் பக்கத்துத் திருவொற்றியூர்க் கோயிலிலேயே 14ஆம் நூற்றாண்டில் பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்ற கோயில் பெண்களின் பிரிவினருக்குள் எந்தப் பணி யாருக்கு என்று தகராறு வந்து, விசாரித்துத் தீர்த்து, தீர்ப்பைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முறைக்குச் சண்டை போடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல! தஞ்சையில் ராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் பணிப்பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கிடைத்தன.

பரத்தைக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை. அவள் மருதத்திணையின் ஊடலுக்குக் காரணமாக வருபவள். சிலப்பதிகாரத்து மாதவியோ கணிகையர் குலத்து ஆடல்மகள். அரங்கேற்றத்தில் பெற்ற மாலையை 1008 கழஞ்சு பொன் விலை சொல்லி, பணிப்பெண் கூனி தெருவில் நிற்க, கோவலன் வாங்கினான். அவன் கொலையுண்ட செய்தி கேட்டதும் மாதவி பௌத்தத் துறவு பூண்டாள். வள்ளுவர் சாடும் வரைவின் மகளிர், அதாவது பொருளுக்காக மட்டும் உறவாடும் பெண்கள், பட்டியலில் இவளை எப்படிச் சேர்ப்பது?

இதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. விவரம் தெரியாத சிறுமிக்குப் பொட்டுக்கட்டி, அதாவது கடவுளுக்கு மனைவியென்று தாலி கட்டி, பிற்பாடு அவளைப் பணக்காரர்களின் சொத்தாக்கிய கொடுமையும் நடந்தது. அதற்கு எதிராகச் சட்டசபையில் பேசிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே தேவதாசி மரபில் வந்தவர். தடைச் சட்டம் 1947இல் வந்தது.

அதே மரபில் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர், சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தஞ்சை அரசவைக் கணிகை முத்துப்பழனி எழுதிய 'ராதிகா சாந்தவனமு' என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுதாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கில அரசு தடை செய்தது. ஆண் புலவர்களின் சிருங்காரத்தில் மணக்கும் அதே வரி, பெண் எழுதினால் நாறுகிறதாம்! பிறகு தம் பொருளைச் செலவழித்துத் திருவையாற்றில் இசைமேதை தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்ற தடையையும் எதிர்த்து நின்றார். 1952இல் மறைந்தவருக்குச் சமாதியும் அங்கேதான்.

ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். தியாகராசரைப் பார்த்துக் கைகூப்பி அமர்ந்திருக்கும் சிலையைக் காட்டி, "இந்த அம்மாள் யார்?" என்று கேட்டார்.

"நம் ஜார்ஜ் டவுன்காரர்" என்றேன்.